பதினான்காம் குழுவின் வியாழக்கிழமை

சுற்றுலாக் கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கியபோது மணி எட்டரை. வழிகாட்டி ரூபியெலா துறைமுக வாசலில் ஒரு கையில் பதினான்கு என்று எழுதிய பலகையும் மறு கையில் போனுமாக நின்றிருந்தாள். பலகையைவிடப் போனைத்தான் உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த வாசலில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

அவள் தம்பி எலியேசர் செவ்வாய்க்கிழமை விடியுமுன் லா போகியா கரையிலிருந்து மீன் பிடிக்கப் போனவன். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியாகவே போயிருந்தான். அன்று மதியமே திரும்பியிருக்க வேண்டும். இன்று வியாழன்.

புதன்கிழமை முழுக்க அவள் தம்பி வீட்டில்தான் இருந்தாள். பன்னிரண்டு படகுகள் வடக்கே தேடப் போய் வெறுங்கையோடு திரும்பின. எலியேசர் எப்போதும் வலை போடுவது வடக்குப் பக்கம். கடலோரக் காவல் படகும் அங்கேதான் சுற்றியது. சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் பெரிய பானையில் காபி வைத்தார்கள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் வட்டமாகப் போட்டார்கள். அந்த ஊரில் இழவு வீட்டில்தான் அப்படிப் போடுவார்கள்.

"யாரு செத்துட்டாங்கன்னு நாற்காலி போடறீங்க?" என்று ரூபியெலா கத்தினாள்.

"உக்காரத்தாம்மா போட்டோம்."

"உக்கார வேணாம். ஒருத்தரும் உக்கார வேணாம்!"

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டு, தம்பி மனைவி தனில்சாவிடம் "எதுவா இருந்தாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். இரவு தூக்கம் இல்லை. காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

பேருந்து ஓட்டும் தகோபெர்த்தோ அவளைப் பார்த்ததும் வாயில் போட்டிருந்த சோள அடையை விழுங்கக்கூட இல்லை. "ரூபி, உனக்குப் பைத்தியமா? வீட்டுக்குப் போ. நான் ஆபீஸ்ல சொல்லிக்கறேன்."

"வீட்டுல போயி என்ன பண்ண? சுவத்தைப் பாத்துட்டு இருக்கவா? இங்கயாவது வாயி ஓடிட்டு இருக்கும்."

அவளுக்கு நாற்பத்தாறு வயது. மீனவன் வீட்டில் பிறந்தும் மீன் வாடை பிடிக்காமல் பதினேழு வயதில், கோட்டைச்சுவர் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் ஒரு ஓட்டலில் தரை துடைக்க வந்தவள். அங்கே வழிகாட்டிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி வேலையைக் கற்றுக்கொண்டாள். மீதியை மாலை வகுப்பில் படித்து உரிமம் வாங்கினாள். பத்தொன்பது வருடமாக இதே தொழில். உட்கார்ந்திருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் சக வழிகாட்டிகள் அவளைத் தையல் மெஷின் என்று கூப்பிடுவார்கள். எலியேசர் அவளுக்கு நேர் எதிர். கூரை எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவனிடம் சண்டை போட்டிருந்தாள். "அந்த ஓட்டை மோட்டாரைத் தூக்கிப் போடு. ஒருநாள் உன்னை நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிரும்."

"மோட்டார் எங்கக்கா போகும்? நீந்தியா போகும்?" என்று அவன் சிரித்தான். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு மூன்று நாளாக அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பதினான்காம் குழுவில் பத்தொன்பது பேர். எல்லாரும் தெற்கே இருந்து வந்தவர்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். முன் இருக்கையில் உருகுவே நாட்டின் சால்தோ ஊரைச் சேர்ந்த நெலிதா என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையும் அவர் கணவர் வால்டரும். வால்டர் கழுத்தில் போனை ஒரு கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். பின்வரிசையில் ஒரு சிலிக்காரர் ஏறும்போதே கேட்டார்: "மரகதக் கடைக்கு எப்போ?"

"கடைசியில ஐயா. முதல்ல ஊரைப் பாருங்க."

"ஊரு எங்க போயிரப் போகுது?"

முதலில் மலைமேல் இருக்கும் மடத்துக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் விரிகுடா, சதுப்பு, வெள்ளைக் கட்டடங்கள், அதற்கு அப்பால் கடல் முழுவதும் தெரியும். ஜனவரிக் காற்று தொப்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ரூபியெலா துறவிகளின் கதையைச் சொன்னாள். வாய் தானாக ஓடியது. கண் மட்டும் நீலத்தில் ஒரு புள்ளியைத் தேடி அலைந்தது. புள்ளிகள் நிறைய இருந்தன. ஒன்று நகரும், ஒன்று நகராது. நகராததைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பாள், அது நுரையாக உடைந்து மறையும். சொல்லிக்கொண்டிருந்த கதை எங்கே நின்றது என்று தெரியாமல் இரண்டு முறை தடுமாறினாள்.

தனில்சா கூப்பிட்டாள். "அக்கா, எதாவது தெரிஞ்சுதா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? நீதானே கரையில இருக்கே!"

"மறுபடியும் வடக்கே ஆறு படகு போயிருக்கு."

"சரி, போனை வெய்யி. யாராவது கூப்பிட்டா லைன் கிடைக்கணும்."

இரண்டு நிமிடம் கழித்து அவளே தனில்சாவைக் கூப்பிட்டாள், சும்மா.

அடுத்தது, பழைய நகரத்துக்கு வெளியே தனியாக நிற்கும் கோட்டை. அதன் சுரங்கப் பாதைக்குள் சிக்னல் கிடைக்காது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ரூபியெலா குழுவைத் தனியாக உள்ளே அனுப்பினாள். "இடப்பக்கச் சுவத்தைத் தொட்டுக்கிட்டே போங்க. தலையைக் குனிஞ்சுக்குங்க. பயப்பட ஒண்ணும் இல்ல." அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். பாதிப்பேர் வேறொரு வாயில் வழியாக வெளியே வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைத் தேடினார்கள்.

"என்னம்மா வழிகாட்டி நீங்க? வழியே காட்டலையே," என்றார் சிலிக்காரர். அவர் நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். ரூபியெலாவும் சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

நெலிதா அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்க முகத்தைப் பாத்தவ நான். நீங்க காலையிலேர்ந்து எங்களைப் பாக்கவே இல்ல, கடலைத்தான் பாக்கறீங்க."

"ஒண்ணும் இல்ல டீச்சர். தூக்கம் இல்ல, அவ்ளோதான்."

மதியச் சாப்பாடு கோட்டைச்சுவருக்குள் ஒரு உணவகத்தில். பொரித்த முழு மீனும் தேங்காய்ச் சோறும் வாழைக்காய் வறுவலும் வந்தன. வழிகாட்டிகள் வழக்கமாகத் தனியாகத்தான் சாப்பிடுவார்கள். நெலிதா விடவில்லை. தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். ரூபியெலாவின் தட்டில் மீன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். தட்டைத் தள்ளிவைத்தாள்.

"என் தம்பி," என்றாள். அவ்வளவுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் வாயைத் திறந்தபின் நிறுத்த முடியவில்லை. செவ்வாய், காய்ச்சல், மோட்டார், வடக்கே போன படகுகள், வட்டமாகப் போட்ட நாற்காலிகள் எல்லாம் வந்தன. "பச்சைப் படகு. மூக்குல ஒரு பலகை மாத்தினான் போன மாசம், அதுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கல. சோம்பேறி. அடிக்கறேன் அடிக்கறேன்னு சொல்லிட்டே இருந்தான்."

வால்டர் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். நெலிதாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நெலி," என்றார் வால்டர்.

"தெரியும். காட்டுங்க."

அவர் கழுத்துக் கயிற்றைக் கழற்றிப் போனை ரூபியெலாவிடம் நீட்டினார். விடிகிற நேரத்துச் சாம்பல் கடல். அதில் ஒரு சிறிய படகு. விரலால் பெரிதாக்கினாள். பச்சை. மூக்கில் ஒரே ஒரு பலகை மட்டும் வெளிறிய மரமாக இருந்தது. நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டு இரண்டு கையாலும் கழற்றிய சட்டையைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்திருந்தான்.

"காலையில கப்பல்ல எங்க அறை பால்கனியில நின்னு காபி குடிச்சிட்டு இருந்தோம்," என்றார் வால்டர். "அவர் எங்களுக்கு வணக்கம் சொல்றார்னு நெனச்சோம்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

நெலிதா சொன்னார்: "நாங்களும் கையாட்டினோம்."

"எவ்ளோ நேரம்?"

"கண்ணுக்கு மறையற வரைக்கும்."

ரூபியெலா எழுந்துவிட்டாள். "சட்டையைக் கழட்டி ஆட்டறவன் யாராவது வணக்கம் சொல்வானா? நடுக்கடல்ல? ரெண்டு பேரு நின்னு பாத்திருக்கீங்க, ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?" பரிமாறும் பெண் தட்டோடு அப்படியே நின்றாள்.

"எங்க ஊரு ஆத்தங்கரை," என்றார் நெலிதா, தாழ்ந்த குரலில். "அங்க படகுல போறவங்க எல்லாரும் கையாட்டுவாங்க. நாங்களும் ஆட்டுவோம். கடல் எங்களுக்குத் தெரியாதும்மா."

ரூபியெலாவுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில் கை அந்தப் போனை விடாமல் பற்றியிருந்தது. உயிரோடு இருக்கிறான். இன்று காலை வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறான். நின்றுகொண்டு இருந்திருக்கிறான்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"அஞ்சு அம்பது. இருங்க, எடம்கூட இதுலயே இருக்கும்." வால்டர் படத்தைத் தள்ளினார். கீழே ஒரு வரைபடம் வந்தது. முழுக்க நீலம், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. வடக்கில் அல்ல. தெற்கே, வெகு தெற்கே, சான் பெர்னார்தோத் தீவுகளுக்கும் மேற்கில்.

முதலில் கடலோரக் காவலுக்குக் கூப்பிட்டாள். பணியிலிருந்த இளைஞன் நிதானமாகக் கேட்டான். இடத்தின் எண்களைச் சொல்லச் சொன்னான். நூற்றுக்கணக்கான சரித்திர ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறவளுக்கு அந்த எட்டுப் பத்து எண்களைப் படிக்க முடியவில்லை. கண்முன் குதித்தன. வால்டர் ஒருகாலத்தில் ரயில்வேயில் சீட்டு எழுதியவர். அவர் போனை வாங்கி, அந்தப் பழைய குரலில், ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். அந்த இளைஞன் திருப்பிச் சொன்னான். "சரியா இருக்கு. உடனே படகு கிளம்புது," என்றான்.

அடுத்து லா போகியா மீனவர் சங்கத் தலைவர் அன்செல்மோ.

"தெற்கேயா?" என்று அவர் அலறினார். "ஏ பொண்ணே, நல்லாப் பாத்தியா?"

"பலகை, மாமா! பெயிண்ட் அடிக்காத பலகை! நீங்கதானே அவனைத் திட்டினீங்க!"

"மோட்டார் நின்னிருக்கும். ரெண்டு நாள் காத்து தள்ளிட்டுப் போயிருக்கு. நாங்க முட்டாளுங்க மாதிரி வடக்கே சுத்திட்டு இருக்கோம். காலையில அங்க இருந்தான்னா இப்ப இன்னும் தெற்கே போயிருப்பான். காவல்காரனுங்ககிட்ட அதைச் சொல்லு. இல்ல வேணாம், நானே சொல்றேன்."

தனில்சாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "நின்னுட்டு இருந்தானா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். "அக்கா, நின்னுட்டா இருந்தான்?"

"நின்னுட்டுத்தான் இருந்தான்டி."

அப்போது மணி ஒன்றேகால். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது. இனி செய்வதற்கு எதுவும் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். பத்தொன்பது பேரின் தட்டிலும் மீன் ஆறிக் கிடந்தது.

"மன்னிக்கணும்," என்றாள். "அடுத்தது மரகதக் கடை."

சிலிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "கல்லு கெடக்கட்டும். அந்தக் கோட்டைச்சுவத்து மேல நடக்கலாமா? அங்க சிக்னல் நல்லா இருக்கும்ல?"

நடந்தார்கள். அப்படி ஒரு நடையை அந்தச் சுவர் கண்டிருக்காது. ரூபியெலா முன்னால் விறுவிறுவென்று போனாள். பத்தொன்பது பேரும் வியர்த்து விறுவிறுத்துப் பின்னால் ஓடினார்கள். பீரங்கி ஒன்றின் பக்கத்தில் நின்று, கடற்கொள்ளைக்காரன் ஊரைக் கொளுத்திய வருடத்தைச் சொன்னாள். அடுத்த பீரங்கியில் அதே கொள்ளைக்காரன் வேறு வருடத்தில் வந்தான். மூன்றாவதில் கப்பலின் பெயரை அவன் பெயராகச் சொன்னாள். யாரும் திருத்தவில்லை. பழக்கூடையோடு வந்த பெண், "ஏன் ரூபி, நெருப்பு மிதிச்சவ மாதிரி ஓடறே?" என்று கேட்டாள். ரூபியெலா அவளைத் தாண்டிப் போனாள். சுவர் முடிகிற இடத்துக்குப் போய்த் திரும்பினார்கள். மறுபடியும் அந்த முனைக்கே போனார்கள். வால்டருக்கு மூச்சு வாங்கியது. நிழலில் உட்காரும்படி நெலிதா சொல்லியும் அவர் உட்காரவில்லை.

இரண்டு மணி. இரண்டரை. போன் அடித்தது மூன்று முறை. ஒன்று தனில்சா. இன்னொன்று தனில்சா. மூன்றாவது, குழு ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்ட அலுவலகம். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மூன்று மணிக்குக் கப்பலுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பாலத்தில் பேருந்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. ரூபியெலா உட்காரவில்லை. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி மூன்று நாற்பதுக்குத் தெரியாத எண் ஒன்று அழைத்தது. அவள் போனை எடுத்துக் காதில் வைத்ததும் தகோபெர்த்தோ வானொலியை அணைத்தான்.

"எலியேசரோட அக்காவா? கடலோரக் காவல்லேர்ந்து பேசறோம். ஆளைப் பிடிச்சிட்டோம். உயிரோட இருக்கார், பேசறார்."

"என்ன பேசறான்? என்ன சொல்றான்?"

"மோட்டாரை விட்டுட்டு வரமாட்டேங்கறார். படகோட சேத்துக் கட்டி இழுத்துட்டுப் போகணுமாம்."

"அந்த மோட்டாரைத் தூக்கிக் கடல்ல போடுங்க!" என்று ரூபியெலா கத்தினாள். கத்திய கத்தலில் பேருந்து முழுக்க எழுந்து நின்றுவிட்டது. தகோபெர்த்தோ ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. முன்னால் நின்ற வண்டிக்காரர்கள் தங்களைத்தான் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்துத் திரும்பித் திட்டினார்கள். அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவள் கால் ஆடாமல் இருந்தது. வால்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

துறைமுக வாசலில் நெலிதா கடைசியாக இறங்கினார். "என்னை மன்னிச்சிடும்மா."

பரவாயில்லை என்று சொல்ல ரூபியெலாவுக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்பது உண்மையும் இல்லை. "நீங்க ரெண்டு பேரும் அப்ப அங்க நிக்காம போயிருந்தா..." என்று தொடங்கினாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். கை வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பட்டுமா, அழிச்சிரட்டுமா?" என்று கேட்டார் வால்டர்.

"அனுப்புங்க."

மாலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் எலியேசர் கையில் ஊசியோடு படுத்திருந்தான். முகம் தோலுரிந்து, உதடு பிளந்து, பத்து வயது கூடினவன்போல் இருந்தான். மீன் பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீரைக் குடித்திருக்கிறான். பிடித்த மீனைப் பச்சையாகத் தின்றிருக்கிறான். தனில்சா அவன் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரூபியெலா கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காரேன்க்கா. தலை சுத்துது."

"உனக்குத் தலை சுத்தணும். நல்லாச் சுத்தட்டும்."

"ஒரு கப்பல் போச்சு, தெரியுமா?" என்றான் எலியேசர். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. "இன்னிக்கு விடியக்காலையில. மாடி மாடியா ஜன்னல். நான் சட்டையைக் கழட்டி ஆட்டறேன், கத்தறேன், குதிக்கறேன். மேல ரெண்டு பேரு என்னமோ கல்யாண ஊர்வலம் போற மாதிரி கையாட்டறாங்க. ஒரு கிழவி பறக்குற முத்தம் வேற குடுத்தா. நான் இங்க செத்துட்டு இருக்கேன், அவ முத்தம் குடுக்கறா."

ரூபியெலா நின்றாள். "முத்தமா? அதை அந்தம்மா என்கிட்ட சொல்லவே இல்ல."

"எந்தம்மா?"

"அந்தக் கிழவியோடதான் இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காந்தேன்."

எலியேசர் வெறித்துப் பார்த்தான். அவள் போனில் இருந்த படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். தன்னைத் தானே அவ்வளவு சின்னதாக அவன் பார்த்ததில்லை. முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. பிறகு, "நல்லவங்களா?" என்று கேட்டான்.

"தெரியல. சாப்பாட்டை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சாங்க. வெயில்ல என் பின்னாடியே நடந்தாங்க."

"அப்ப அந்த முத்தத்துக்கு ஒரு பதில் அனுப்பு," என்று சொல்லி எலியேசர் சிரிக்கப் பார்த்தான். பிளந்த உதட்டில் ரத்தம் வந்தது. தனில்சா பஞ்சை எடுத்து ஒற்றினாள், திட்டிக்கொண்டே.

அந்த மாதத்திலிருந்து ரூபியெலா பேருந்து கிளம்பியதும், தண்ணீர் பாட்டில், தொப்பி, திரும்பும் நேரம் இவற்றோடு சேர்த்து ஒன்று சொல்லத் தொடங்கினாள். கடலில் சின்னப் படகில் ஒருவன் கையாட்டினால் பதிலுக்குக் கையாட்டாதீர்கள், கப்பல்காரர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் மனசைக் கெடுக்கிறாய் என்று அலுவலகத்தில் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்து மறுநாளும் சொன்னாள்.

எலியேசர் மார்ச் முதல் வாரத்தில் மறுபடியும் கடலுக்குப் போனான். மீனவர் சங்கம் கொடுத்த கைவானொலி ஒன்றை எடுத்துக்கொண்டு, காய்ச்சல் தீர்ந்த கூட்டாளியோடு போனான். மோட்டார் அதேதான். ரூபியெலா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் தனில்சா, "அக்கா, கோழிக் குழம்பு வெச்சிருக்கேன், மீன் இல்ல, வா," என்று கூப்பிட்டாள். போனாள். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த படகைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, "அந்தப் பலகைக்கு எப்போடா பெயிண்ட் அடிப்பே?" என்று கேட்டாள்.

"அடிக்கறேன்க்கா," என்றான் எலியேசர் உள்ளேயிருந்து.